கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்பது நாள்: கூட்டமாகச் சைக்கிள் ஓட்டி, கூடாரத்தில் தங்கிப் போகிறவர்களுக்கு

மாமல்லபுரத்தில் தொடங்கிக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போனால் 700 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரும். இருபது பேர் சேர்ந்து, சாமானை ஒரு வண்டியில் ஏற்றிவிட்டு, இரவில் கூடாரம் போட்டுத் தங்கி, ஒன்பது நாளில் இதை ஓட்டிவிடலாம். நாளுக்கு 75 முதல் 100 கி.மீ. வரை. கடைசி நாள் மட்டும் அதற்கும் குறைவு. ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 60 கி.மீ. ஓட்டிப் பழகியவருக்கு முதல் நாள் சுலபமாகவே போய்விடும்.

சிக்கல் மூன்றாம் நாள் காலையில் வரும். இருக்கை படும் இடம் எரியும். இரண்டு இரவும் தூக்கம் சரியாக இருந்திருக்காது. ஒருவருக்கு வயிறு கலங்கும், இன்னொருவரின் கேரியர் போல்ட் வழியில் எங்கோ விழுந்திருக்கும். எல்லாமே முதல் இரண்டு நாள் மாலையில் கவனிக்காமல் விட்டவை. சைக்கிளை விட்டு இறங்கியதிலிருந்து படுக்கப்போகும் வரை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பயணம் முழுவதையும் தீர்மானிக்கிறது. அதனால் இங்கே சாலையைவிட முகாமைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த மாதம், எந்தத் திசை

பொங்கல் முடிந்த மறு வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆனால் வடகிழக்குக் காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் முதுகில் படும் காற்று. இதே பாதையைக் கன்னியாகுமரியில் தொடங்கினால் ஒன்பது நாளும் எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, தெற்கே போகிறவரைக் கடைசி இரண்டு நாளும் பின்னுக்குத் தள்ளும். அந்தக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை.

பொங்கல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூட இடம் கிடைக்காது.

நாள் கணக்கு இப்படி அமையும்: மாமல்லபுரம், புதுச்சேரி, சீர்காழி, வேளாங்கண்ணி, அதிராம்பட்டினம், தொண்டி, ஏர்வாடி, தூத்துக்குடி, உவரி, கன்னியாகுமரி. ராமேஸ்வரம் போக ஆசைப்பட்டால் தனியாக இரண்டு நாள் சேருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ஒரு பக்கத்துக்கே சுமார் 55 கி.மீ. அதுவும் கிழக்கு நோக்கிக் காற்றை எதிர்த்து. பாம்பன் பாலத்தின் மேல் பக்கக்காற்று சைக்கிளையே நகர்த்தும். அங்கே ஒருவர் பின் ஒருவராக, நல்ல இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும்.

தயாரிப்பு

ஒரே நாளில் 120 கி.மீ. ஓட்டிக் காட்டுவது இதற்கு உதவாது. உடம்பு பழக வேண்டியது மறுநாளும் அதே இருக்கையில் ஏறி உட்கார்வதற்கு. கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்பிருந்தே சனியும் ஞாயிறும் சேர்த்து ஓட்டுங்கள். 40, 40 என்று தொடங்கி, கடைசி மூன்று வாரத்தில் 70, 70 வரை கொண்டுபோனால் போதும். அதில் ஒரு முறையாவது சனி இரவு கூடாரத்தில் படுத்து எழுந்து ஓட்டிப் பாருங்கள். புதுச் செருப்பு, புது இருக்கை, புது ஷார்ட்ஸ் எதுவும் பயணத்தில்தான் முதல்முறை என்று இருக்கக் கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் குறைந்தது மூன்று வாரம் முன்பே மாற்றுங்கள்.

இருக்கை உயரத்துக்கு எளிய அளவு: சைக்கிளில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுக்க நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரே தடவையில் 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். இருக்கைத் தண்டு இருக்கும் உயரத்தை இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியும்.

சைக்கிளும் பழுதும்

இந்தச் சாலைக்கு 32 முதல் 40 மி.மீ. அகல டயர் பொருத்தம். 35 மி.மீ. டயரில் 75 கிலோ ஆளும் கொஞ்சம் மூட்டையும் என்றால் பின்சக்கரத்துக்கு 55 பிஎஸ்ஐ காற்றழுத்த அளவில், முன்சக்கரத்துக்கு அதைவிட ஐந்து குறைவாக வைத்துத் தொடங்கிப் பாருங்கள். கல் மாதிரி காற்றடித்துக்கொண்டு போவது பலருக்குப் பழக்கம். அப்படிப் போனால் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் கையிலும் முதுகிலும் ஏறும், மூன்றாம் நாள் விரல் மரத்துப்போகும்.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம். சாலையோரத்தில் வெட்டிப் போட்ட கிளையிலிருந்து உதிர்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும், நிழலுக்கு ஒதுங்கினாலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு தாரை விட்டு இறங்காதீர்கள். தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது தார் ஓரத்திலேயே நிறுத்துங்கள். திரும்ப ஏறும்முன் இரண்டு டயரையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முள் குத்தியிருந்தாலும் பல நேரம் உடனே காற்று இறங்காது. ஒடிந்த முனை ரப்பருக்குள் இருந்துகொண்டு மிதிக்க மிதிக்க உள்ளே போகும். பார்த்தவுடன் ஊசியாலோ சிறு இடுக்கியாலோ எடுத்துவிட்டால் ட்யூப் தப்பும்.

பஞ்சர் ஆன பிறகு ட்யூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பி, இரண்டு கி.மீ.யில் மறுபடி இறங்குவதுதான் கூட்டத்தின் நேரத்தை அதிகம் தின்கிற தவறு. டயரைக் கழற்றுவதற்கு முன் டயரின் எழுத்து வால்வுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று கண்டதும், டயரில் அதே இடத்தைத் தேடினால் முள் அகப்படும். விரலால் நேரே தடவாமல் ஒரு பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறம் சுற்றி இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். ஓட்டை ட்யூபின் உட்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் குற்றவாளி முள் கிடையாது. ரிம் டேப் விலகி ஸ்போக் துளை ட்யூபைக் கடித்திருக்கும். பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை பக்கம் பக்கமாக இருந்தால் காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள்.

ஆளுக்கு இரண்டு மாற்று ட்யூப், ஒட்டுத்துணி, டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு ஒன்று. ட்யூப் வால்வு விஷயத்தில் எல்லாரும் தங்களுடையது எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் காற்று கார் வால்வுக்குத்தான் ஏறும். ஊர்ச் சைக்கிள் கடைப் பம்பில் பிரெஸ்டா என்கிற மெல்லிய வால்வுக்கு வாய் இருக்காது. அதற்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் இருக்கிறது, இருபது முப்பது ரூபாய்ப் பொருள் என்று அலட்சியமாக விட்டுவிடாமல் வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு பெட்டி: நின்றுகொண்டு அடிக்கும் பெரிய பம்பு, செயின் கழற்றும் கருவி, கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு கியர் வகைக்கும் இரண்டு செயின் இணைப்புக் கண்ணி, கியர் கம்பி, பிரேக் கம்பி, பிரேக் கட்டை, ஆலன் சாவித் தொகுதி, பிரேக் டிஸ்க் போல்ட்டுக்கு டி25 நட்சத்திரச் சாவி, கேசட் (பின்பல்சக்கரத் தொகுதி) கழற்றும் கருவி, சில எம்5 போல்ட், கேபிள் டை ஒரு கட்டு. பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். சைக்கிள் சாய்ந்து விழுந்தால் வளைவது அதுதான், வழியில் எந்த ஊரிலும் கிடைக்காது. ஒவ்வொருவரும் தன் சைக்கிளுக்குரியதை வாங்கி ஹாண்டில் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்போக்கும் அப்படியே. பின்சக்கரத்தில் செயின் பக்க ஸ்போக்தான் அதிகம் ஒடியும். அந்த நீளத்தில் இரண்டைச் சட்டக் குழாய் ஓரமாக டேப் வைத்து ஒட்டிவிடுங்கள்.

தினமும் மாலையில் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. கேரியர், பாட்டில் கூண்டு, கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு), ஹாண்டில் போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பார்த்து முறுக்குவது. செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற விடுவது. காலையில் வெளிப்புறம் படிந்ததைத் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் ஒரே இரவில் செயின் செம்பழுப்பாகும், துடைக்காத எண்ணெயில் கடற்கரை மணல் ஒட்டிப் பல்சக்கரத்தை அரைக்கும். பிரேக் டிஸ்க்கில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையில் கூட்டம்

இருபது பேர் ஒரே வரிசையாகப் போனால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு முந்த வழி கிடைக்காது, பிறகு அது நம்மை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு முந்தும். ஆறேழு பேராகப் பிரித்து, குழுக்களுக்கு இடையே 200 மீட்டராவது விடுங்கள். குழுவுக்குள் ஒருவர் பின் ஒருவர்தான். முன்னால் போகிறவர் குரல் கொடுக்க வேண்டும்: ‘குழி’, ‘மணல்’, ‘வேகத்தடை’, ‘நிக்கிறேன்’. பின்னால் இருப்பவர் ‘வண்டி’. நான்கைந்து சொல் போதும், கேட்டவர் பின்னால் கடத்தினால் சரி. கையை நீட்டிக் காட்டுவதைவிடக் குரல் பாதுகாப்பு, கை ஹாண்டிலில் இருக்கும்.

எல்லாருக்கும் பின்னால் ஒருவர் வருவார். அவரை யாரும் தாண்டிப் பின்தங்கக் கூடாது, அவரும் யாரையும் விட்டுவிட்டு முன்னே வரக் கூடாது. அந்த வேலைக்குக் கூட்டத்திலேயே பலமானவரும் பழுது பார்க்கத் தெரிந்தவருமாக ஒருவரைப் போடுங்கள். மெதுவாக ஓட்டுபவரைப் பின்னால் விட்டால் அவரையே யார் பார்ப்பது? திருப்பம் வரும் இடமெல்லாம் ஒருவர் நின்று அடுத்தவரைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும். போனில் வரைபடம் இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள். ஊருக்குள் புறவழிச் சாலையும் பழைய சாலையும் பிரிகிற இடத்தில்தான் ஆட்கள் தொலைவார்கள். 25 கி.மீ.க்கு ஒரு முறை நிறுத்தித் தலை எண்ணுங்கள். நிறுத்தம் 15 நிமிடத்துக்கு மேல் போனால் கால் இறுகிவிடும்.

ஜனவரியில் காலை 6.30 மணி தாண்டித்தான் வெயில் தெரியும். 5.30க்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் இருட்டு. முன்விளக்கு 300 லூமென்னுக்குக் குறையாமலும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாதவர் விடியும் வரை காத்திருக்கட்டும், இதில் இரக்கம் வேண்டாம். மணிக்கு 18 கி.மீ. வேகம், நடுவில் இரண்டு மணி நேரம் நிறுத்தம் என்று வைத்தால் 90 கி.மீ. பகல் 12.30க்கு முடிந்துவிடும். அதற்கு மேல் வெயிலில் ஓட்டி லாபமில்லை.

பாதையில் சில இடங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கடலூரில் தொழிற்பேட்டை லாரி, தூத்துக்குடியில் துறைமுக லாரி. டெல்டாவில் இது சம்பா அறுவடைக் காலம். சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், பல இடத்தில் வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும், வைக்கோல் பின்கியருக்குள் சுற்றிக்கொண்டால் ஹேங்கர் போய்விடும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. அது அவர்கள் வருடம் முழுக்கப் பாடுபட்டது என்பதும் நினைவிருக்கட்டும். திருச்செந்தூர் பக்கம் தைப்பூசத்தை ஒட்டிப் பாதயாத்திரைக் கூட்டம் விடியற்காலையிலேயே சாலையோரம் நடக்கும். மணியடித்து, வேகம் குறைத்து, நன்றாக விலகிப் போங்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட நின்றுவிடுவது மேல். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நின்றால் பெரும்பாலானவை அடங்கிவிடும். கூட்டத்தில் ஒருவர் பயந்து வளைந்தால் பின்னால் வருபவர் விழுவார். நாயைவிட அதுதான் ஆபத்து.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு முறை இரண்டு மடக்கு. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். இரண்டு பாட்டிலில் ஒன்றில் தண்ணீர், மற்றதில் உப்புச் சேர்ந்த ஏதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நீர்மோர் எல்லாம் சரி. வயிற்றுப்போக்கு வந்தவருக்கு மட்டும் ஓஆர்எஸ்: உலக சுகாதார நிறுவன வாய்ப்பாட்டில் லிட்டருக்கு 20.5 கிராம், முழுப் பாக்கெட்டையும் முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கினால் செறிவு கூடிப் போக்கு அதிகமாகும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

கிளம்பும்போது இரண்டு வாழைப்பழமும் சுக்குக் காப்பியும். காலைப் பலகாரத்தை 30 கி.மீ. தாண்டி ஏதாவது ஊரில் வையுங்கள். இருபது பேர் திடீரென்று போய் நின்றால் சின்ன ஓட்டலில் ஒரு மணி நேரம் போகும். முந்தின நாள் மாலையே போன் செய்து நூறு இட்லி சொல்லிவைத்தால் இருபது நிமிடத்தில் எழுந்துவிடலாம். சாம்பாரும் பொடியும் போதும். தேங்காய்ச் சட்னி அரைத்து எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியாத இடத்தில் தொடாதீர்கள். ஓட்டும்போது மணிக்கொரு முறை சட்டைப் பையிலிருந்து ஏதாவது உள்ளே போக வேண்டும். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம், அவித்த பனங்கிழங்கு. தை மாதத்தில் தென்மாவட்டச் சாலைகளில் பனங்கிழங்கு கட்டுக்கட்டாகக் கிடைக்கும், இதைவிட நல்ல சைக்கிள் தீனி அந்தப் பக்கம் இல்லை.

இரவுச் சாப்பாட்டை முகாமில் சமைப்பதாக இருந்தால், ஓட்டி வந்தவர்களின் பசிக்கு ஆளுக்கு 150 முதல் 175 கிராம் அரிசி வைக்க வேண்டும். இருபது பேருக்கு மூன்றரைக் கிலோ. பருப்பு 40 கிராம் வீதம் 800 கிராம். உப்புமா என்றால் இரண்டு கிலோ ரவை. மறுநாள் மதியத்துக்குக் கட்டிக்கொள்ளப் புளிச்சாதம் தாங்கும். தயிர்சாதத்தைச் சாமான் வண்டியின் வெயிலில் வைத்து நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவது வினையை விலைக்கு வாங்குவது.

கூட்டத்தில் வயிற்றுக்கோளாறு ஒருவருக்கு வந்தால் மறுநாள் ஐந்து பேருக்கு வரும். காரணம் பெரும்பாலும் கைதான். சாப்பாட்டு வரிசையின் தலையில் தண்ணீர்க் குடமும் குழாயும் சோப்பும் வைத்து, கை கழுவாமல் தட்டு எடுக்க முடியாதபடி அமையுங்கள். பாட்டிலில் மருந்து போல வரும் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், வாந்தி பேதிக் கிருமிகளில் சில அதற்கு அடங்குவதில்லை. பரிமாறுவது ஒருவர் கையால் கரண்டியில். பிறர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது அறவே கூடாது. வயிறு கலங்கியவர் சமையல் பக்கமும் பரிமாறும் பக்கமும் வரவேண்டாம்.

உடம்பு

பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே உள்ளாடை போடக் கூடாது. தையல் அழுத்துகிற கோடுதான் மூன்றாம் நாள் புண்ணாகிறது. உரசும் இடத்தில் கிளம்புமுன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். மூன்று ஷார்ட்ஸ் இருந்தால் நல்லது, இரண்டு கட்டாயம். முகாமுக்கு வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவது. வியர்வை ஷார்ட்ஸிலேயே டீ குடித்துக் கதை பேசி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அங்கேதான் கொப்புளம் தொடங்கும். குளித்து, நன்றாகத் துடைத்து, தளர்வான வேட்டியோ லுங்கியோ நைட்டியோ அணிந்து காற்றுப் பட விடுங்கள். அன்றைய ஷார்ட்ஸைச் சோப்புப் போட்டு அலசி, உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்து, உட்புறம் வெளியே தெரியக் காயப்போடுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் இரவில் முழுதாகக் காயாது, மறுநாள் பகலில் வண்டி மேல் கட்டினால் காய்ந்துவிடும்.

தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படை. மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தருவார்கள். ஒரே நாளில் அரிப்பு நிற்கும், பிறகு இரண்டு மடங்காகப் பரவும். குளோட்ரிமசோல் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் ஓட்டும் பழக்கம் வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாத்திரை போட்டுத்தான் ஓட்ட முடியும் என்ற வலி வந்தவர் அன்று வண்டியில் ஏறட்டும். அதை யாரும் கேலி செய்யாத கூட்டமாக இருப்பது ஏற்பாட்டாளர் பொறுப்பு.

களைப்பு, தலைசுற்றல், வியர்வையோடு குளிர்ந்த தோல் என்றால் நிழலில் படுக்கவைத்து உப்புநீர் கொடுத்தால் அரை மணியில் தேறுவார். பேச்சு குழறினால், இடம் தெரியாமல் உளறினால், அது வேறு. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

முகாம்

எங்கே தங்குவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே நேரில் பார்த்துப் பேசி முடித்திருக்க வேண்டும். கடற்கரையில் கூடாரம் என்ற படம் அழகாக இருக்கும். நடப்பு வேறு. நாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை கடலோரக் காவல் கண்டிப்பானது, இரவில் முன்பின் தெரியாத கூட்டம் மணலில் படுத்திருந்தால் விசாரணை வரும். கோடியக்கரை சரணாலயத்துக்குள் கூடாரம் போட முடியாது. ஜனவரி தொடங்கிச் சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், மணலில் வெள்ளை வெளிச்சம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கரையை விட்டு உள்ளே வாருங்கள்.

எங்கள் பரிந்துரை கல்யாண மண்டபம். சுற்றுச்சுவர், கழிப்பறை, கிணறு அல்லது போர், சமையற்கட்டு, மின்சாரம் எல்லாம் ஒரே இடத்தில். வளாகத்து வெட்டவெளியில் கூடாரம் போடலாம், மழை வந்தால் உள்ளே போய்விடலாம். பெண்கள் இருக்கும் கூட்டத்துக்குச் சுற்றுச்சுவரும் கழிப்பறையுமே போதுமான காரணம். தை பிறந்ததும் முகூர்த்தம் தொடங்கிவிடுவதால் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள். முகூர்த்த நாளும் அதற்கு முந்தின மாலையும் மண்டபம் கிடைக்காது. அப்படிப்பட்ட நாளுக்குப் பள்ளி மைதானமோ ஊராட்சி இடமோ தேடுங்கள், தலைமையாசிரியரிடமோ தலைவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த இடமானாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டை நகலும் கொடுத்துவிடுவது நல்லது.

மாலை 6.30 தாண்டினால் இருட்டிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் நின்றுவிட வேண்டும். தென்னை மரத்தடி வேண்டாம். தேங்காய் விழாவிட்டாலும் காய்ந்த மட்டை விழும், அதன் கனம் ஒரு ஆளைக் காயப்படுத்தப் போதும். இடத்தைக் காலால் கூட்டிப் பார்த்துக் கருவேல முள் பொறுக்குங்கள். இந்தப் பாதைக்குக் காற்றடிக்கும் படுக்கையைவிட மடக்கும் ஃபோம் பாய் நம்பகம், முள் குத்தினாலும் காற்றுப் போய்த் தட்டையாகாது. மணலில் முளைக்குச்சி நிற்காது. சின்னத் துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஒரு அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள், காற்றுக்கு அசையாது. தை மாதப் பனி கூடாரத் துணிக்கு உள்ளேயும் சொட்டும். மேல்துணிக்கும் உள்வலைக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும்படி இழுத்துக் கட்டுங்கள். காலையில் நனைந்த துணியை அப்படியே சுருட்டினால் மறுநாள் இரவு அதிலேயே படுக்க வேண்டும். பகல் ஒரு மணிக்கு முகாம் சேர்ந்ததும் முதலில் அதை விரித்துப் போடுங்கள்.

செவியடைப்பான் ஆளுக்கொரு ஜோடி கட்டாயம். கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்பும் படகு இயந்திரம், பக்கத்துக் கூடாரத்துக் குறட்டை, ஏதாவது ஒன்று இருக்கும். எட்டரைக்கு விளக்கணைப்பு என்று விதி வையுங்கள். நாலரைக்கு எழ வேண்டியவர்களுக்கு அதுவே குறைவு. காலைக்குத் தேவையான உடை, பாட்டில், விளக்கு எல்லாவற்றையும் இரவே தலைமாட்டில் எடுத்து வைத்துவிட்டால், விடியலில் ஜிப் இழுக்கும் சத்தமும் தேடலும் பாதியாகக் குறையும்.

சாமான் வண்டி

இருபது பேருக்கு ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் மாதிரிச் சின்ன லாரி) சரியாக இருக்கும். ஆளுக்கு ஒரே பை, 40 லிட்டருக்கு மிகாமல், தூக்கிப் பார்த்தால் 10 கிலோவுக்குள். எல்லாப் பையும் கறுப்பாகவே இருக்கும் என்பதால் கைப்பிடியில் ஆளுக்கொரு நிறத் துணி கட்டிக்கொள்ளுங்கள். மழை வரும் என்றே வைத்துக்கொண்டு உள்ளே கனமான பிளாஸ்டிக் பை போட்டு அதற்குள் துணிகளை அடுக்குங்கள். தார்ப்பாயை நம்பாதீர்கள். ஏற்றும் வரிசையில் தண்ணீர் கேனும் மருந்துப் பெட்டியும் பழுதுப் பெட்டியும் கடைசியாக ஏற வேண்டும், அவைதான் வழியில் முதலில் இறங்கும். காஸ் சிலிண்டரைப் படுக்கவைக்காமல் நிறுத்திக் கட்டுங்கள். வண்டி கூட்டத்தின் பின்னாலேயே ஊர்ந்து வந்தால் போக்குவரத்து தேங்கும். அடுத்த நிறுத்தத்துக்கு முன்னே போய்க் காத்திருக்கட்டும், கடைசியில் வருபவரிடம் ஓட்டுநர் எண் இருந்தால் போதும்.

போன், விளக்கு எல்லாம் ஏற்ற ஆளுக்கு ஒரு 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் மூன்று நாள் தாங்கும். மண்டபத்தில் இருபது பேர் இரண்டு பிளக்குக்குச் சண்டை போடாமல் இருக்க நீள வயரோடு இரண்டு பிளக் பெட்டி எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும் ரயில்

கன்னியாகுமரியில் ஓட்டி முடித்த அன்றே சைக்கிளோடு ரயில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இருபது சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, சீட்டு ஒட்டி, பெட்டியில் இடம் கிடைக்க நேரம் ஆகும். எல்லாம் ஒரே ரயிலில் போகும் என்ற உறுதியும் இல்லை. முந்தின நாளே ஒருவர் முன்னே போய்ப் பேசிவிட வேண்டும். விளக்கு, மீட்டர், பாட்டில், பைகளைக் கழற்றிவிடுங்கள். பெடலைக் கழற்றினால் இடது பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் திறக்கும் என்பதை மறந்து கிராங்க்கைக் கெடுத்துவிடாதீர்கள். பின்கியரைச் சுற்றி அட்டை வைத்துக் கட்டி, சட்டத்தில் பெயரும் போன் எண்ணும் எழுதிய துணிச்சீட்டு ஒன்றைக் கம்பியால் முடியுங்கள். காகிதச் சீட்டு எழும்பூர் வருவதற்குள் கிழிந்துவிடும். அவசரம் உள்ளவர்களுக்கு, நாகர்கோவிலில் குட்டி யானையையே சென்னை வரை பேசி, கம்பளி வைத்து இடையிடையே கட்டி அடுக்கினால், இருபது பேர் பங்கு போட்டுக்கொள்ளும் செலவில் சைக்கிள்கள் கீறலில்லாமல் வந்து சேரும். குட்டி யானையில் ஒரு நடைக்குப் பத்துக்கு மேல் அடுக்க வேண்டாம், மிச்சத்துக்கு இன்னொரு வண்டி அல்லது பெரிய வண்டியாகப் பிடியுங்கள்.